உழைக்கும் உடம்புக்கும் கொலஸ்டிரால் வருமா?

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது திருவெள்ளறை. வெண்பாறைக் குன்றின்மேல் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் கொண்டிருப்பதால் ஊருக்கு இப்பெயர். கோயிலின் அருகே நாலுமூலைக் கேணி என்று மக்கள் அழைக்கும் பெருங்கிணறு இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. நான்கு பக்கமும் படிக்கட்டு. இறங்கிக் குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏந்திப் படியேறித்தான் அந்நாளில் தண்ணீர் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இன்று விசையைத் தட்டினால் மோட்டார் ஓடித் தண்ணீர் வருகிறது. உழவு டிராக்டரில் நடக்கிறது. வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். அறுவடையை இயந்திரம் முடித்துவிடுகிறது. உழைப்பு பாதியாகிவிட்டது, உண்ணும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. ஆயினும் "கொலஸ்டிரால் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பட்டணத்துக்காரர் வியாதி, மண்வெட்டி பிடிப்பவனுக்கு அது வராது" என்ற நம்பிக்கை கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக் கூடியது.

உழைப்பு எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பையின் சால் முக்கால் அடி அகலம் என்று வைத்துக் கொண்டால், ஓர் ஏக்கரை ஒரு சால் உழுது முடிக்க, மாட்டின் பின்னால் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். டிராக்டர் வைத்திருப்பவர் வரப்பில் நின்று பார்க்கிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பின் செலவு குறைந்தால் வரவையும் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கொலஸ்டிரால் என்றால் என்ன?

கொலஸ்டிரால் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். அது நஞ்சு அல்ல. உடம்பின் ஒவ்வோர் அணுவின் சுவரிலும் அது இருக்கிறது. உணவைச் செரிக்க உதவும் பித்தநீர் அதிலிருந்து உண்டாகிறது. வெயில் படும்போது தோலில் 'டி' வைட்டமின் உற்பத்தியாவதும் அதைக் கொண்டுதான். உடம்புக்கு வேண்டிய கொலஸ்டிராலின் பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளும் தாமே தயாரித்துக் கொள்கின்றன. உணவிலிருந்து வருவது சிறு பகுதிதான்.

எண்ணெய் தண்ணீரில் கலக்காது. அதுபோலக் கொலஸ்டிராலும் இரத்தத்தில் கரையாது. எனவே அதை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கல்லீரலிலிருந்து உடம்பெங்கும் சுமந்து செல்லும் வண்டிக்கு எல்.டி.எல். என்று பெயர். மிஞ்சியதைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்து வரும் வண்டிக்கு எச்.டி.எல். என்று பெயர். முன்னது அளவுக்கு மீறினால் வழியிலேயே சரக்கை இறக்கிவிடும். அதனால் அதைக் கெட்ட கொலஸ்டிரால் என்கிறார்கள். மற்றதை நல்ல கொலஸ்டிரால் என்கிறார்கள். இவற்றுடன் டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு கொழுப்பும் இரத்தத்தில் ஓடுகிறது. தேவைக்கு மேல் உண்ணும் சோறு, சர்க்கரை, எண்ணெய், சாராயம் எல்லாம் இந்த உருவில்தான் சேமிக்கப்படுகின்றன.

சொட்டுநீர்க் குழாயில் படியும் உப்பு

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் விடுபவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். முதல் ஆண்டு தண்ணீர் ஒழுங்காகச் சொட்டும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிவது வெளியில் தெரியாது. பிறகு ஒரு நாள் கடைசி வரிசையில் உள்ள கன்றுகள் வாடி நிற்கும். அப்போதுதான் குழாய் அடைத்துக் கொண்டது புரியும்.

இரத்தக் குழாயிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கெட்ட கொலஸ்டிரால் குழாயின் உட்சுவருக்குள்ளேயே புகுந்து, புண்ணாகி, தடித்து வளர்கிறது. இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்ந்த அந்தத் தடிப்பு ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை நிமிடங்களில் அடைத்துவிடும். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைத்தால் மாரடைப்பு; மூளைக்குப் போகும் குழாயில் அடைத்தால் பக்கவாதம். காலுக்குப் போகும் குழாய் குறுகினால், சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி விடும்.

வலி, காய்ச்சல், சோர்வு எதுவும் இல்லாமலே கொலஸ்டிரால் கூடிக்கொண்டு போகும். ஒல்லியான ஆளுக்கும் கூடலாம். பரம்பரையாகவும் வரலாம். தகப்பனார், அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்குள், தாயார், அக்காள், தங்கை யாருக்காவது 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அந்தக் குடும்பத்தார் முன்னதாகவே பரிசோதித்துக் கொள்வது நல்லது.

நம் மக்களின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலும் சண்டிகரிலும் நகரம், கிராமம் இரண்டிலும் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியாயிற்று. அதன்படி, 100 பேரில் 14 பேருக்கு மொத்தக் கொலஸ்டிரால் அதிகம். 29 பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம். 72 பேருக்கு நல்ல கொலஸ்டிரால் குறைவு.

இந்தக் கணக்கு ஒரு செய்தி சொல்கிறது. நம் மக்களிடம் பெரிதாக இருக்கும் குறை, காப்பாற்ற வேண்டிய நல்ல கொலஸ்டிரால் போதாமல் இருப்பதுதான். மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு மலைபோலப் போட்டு, காய்கறியும் பருப்பும் ஓரத்தில் தொட்டுக் கொள்வது டிரைகிளிசரைடைக் கூட்டும். உடல் உழைப்புக் குறைவும், பீடியும், புகையிலையும் நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கும். ஆகவே "நான் கறி தின்பதில்லை, எனக்கு வராது" என்று சைவ உணவுக்காரரும் இருந்துவிட முடியாது.

எண்ணெயில் எது நல்லது?

கடைகளில் எண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்பதுண்டு. இதில் மயங்க வேண்டியதில்லை. கொலஸ்டிரால் விலங்குகளின் உடம்பில்தான் உண்டாகிறது. கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி, பனை எந்த எண்ணெயிலும் அது கிடையாது. பார்க்க வேண்டியது உறையும் தன்மையுள்ள கொழுப்பு எவ்வளவு என்பதையே. நிறைகொழுப்பு எனப்படும் இதுதான், முட்டையைவிட அதிகமாக, இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுகிறது.

நிறைகொழுப்பு, 100 பங்கில் ஏறத்தாழ:
சூரியகாந்தி எண்ணெய் – 11
நல்லெண்ணெய் – 15
கடலை எண்ணெய் – 18
தவிட்டு எண்ணெய் – 20
பாமாயில் – 40க்கு மேல்
நெய் – 60க்கு மேல்
தேங்காய் எண்ணெய் – 90

ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் கேட்டு வருகின்றன. உள்ளூர் விளைபொருளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்ற வகையில் அது நியாயமான கோரிக்கை. உடல்நலத்தின் கணக்கில் பார்த்தால் கடலையும் எள்ளும் பாமாயிலைவிட மேலானவை. தேங்காய் எண்ணெயை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதை அளவாகவே சேர்த்துக் கொள்ள வேண்டும்.

செக்கில் ஆட்டிய எண்ணெய் என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. செக்கு எண்ணெயிலும் கொழுப்பு அதே கொழுப்புதான். கண்ணெதிரே ஆட்டுவதால் கலப்படம் இல்லை என்ற நிச்சயமும், மணமும் அதில் கிடைக்கின்றன. அதுவே போதுமான லாபம்.

வனஸ்பதியும் சுட்ட எண்ணெயும்

தாவர எண்ணெயை ஹைட்ரஜன் வாயு ஏற்றி உறையச் செய்தது வனஸ்பதி. டால்டா என்ற பெயரில் 1937-ல் வந்து, நெய் வாங்க முடியாத வீடுகளில் இடம் பிடித்தது. திருச்சியிலும் ஒரு வனஸ்பதி ஆலை இருந்தது. அந்நாளில் இதன் தீமை யாருக்கும் தெரியாது. அரைகுறையாக உறையச் செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்பது 1990-ல்தான் உறுதியாகத் தெரிய வந்தது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் செய்யப்பட்டுள்ளது.

திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயிலும் இந்தக் கேடு உண்டாகிறது. சந்தை நாளில் கறுத்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, வடை தின்பதைத் தவிர்க்க வேண்டும். வீட்டிலும் அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் பலகாரத்துக்கு ஊற்றாமல், சிறிதளவாக எடுத்துத் தாளிப்புக்கு உடனே தீர்த்துவிட வேண்டும்.

எவ்வளவு எண்ணெய் வேண்டும்?

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 25 கிராம், அதாவது 5 தேக்கரண்டி எண்ணெய் போதும். கடும் உழைப்பாளிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ. ஆண்டுக்கு 36 கிலோ. நூறு கிலோ கடலைப் பருப்பை ஆட்டினால் 40 கிலோவை ஒட்டி எண்ணெய் கிடைக்கும். அப்படியானால் ஆண்டுத் தேவைக்கு 90 கிலோ பருப்பு வேண்டும். தோலுடன் கூடிய காயாகக் கணக்கிட்டால் 130 கிலோ.

கடலை சாகுபடி செய்பவர் களத்திலேயே முழுவதையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, பிறகு மாதாமாதம் கடையில் எண்ணெய் வாங்குவதைவிட, இந்த 130 கிலோவை வீட்டுக்கென ஒதுக்கிவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆட்டிக் கொள்வது நல்லது. பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். எண்ணெயின் அளவும் கட்டுக்குள் இருக்கும்.

ஒதுக்கிவைக்கும் காயை நன்றாகக் காயவைக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தமிட வேண்டும். ஈரக் கடலையில் பூக்கும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960-ல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சம் வரை மடிந்தபோதுதான் உலகம் இதை அறிந்தது. இந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். கொலஸ்டிராலைக் கட்டிக் காக்கும் உறுப்பும் கல்லீரல்தான். நிறம் மாறிய, சுருங்கிய, பூசணம் பூத்த பருப்பை ஆட்டவும் கூடாது, மாட்டுக்கு வைக்கவும் கூடாது.

முட்டையும் ஆட்டுக்கறியும்

ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் உண்டு. இதைக் கேட்டுப் பயந்து குழந்தைகளுக்கும் முட்டையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நல்ல உடல்நலம் உள்ளவர் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுவதால் பெரிய கெடுதல் இல்லை. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

ஆட்டுக்கறியில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டுச் சமைக்க வேண்டும். மூளையில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல் கொலஸ்டிரால் உள்ளது. கொலஸ்டிரால் கூடியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மத்தி, அயிலை போன்ற மீன்கள் நல்லவை. குழம்பாக வைக்க வேண்டும், பொரிக்கக் கூடாது.

கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு, சாமை ஆகியவை ஒரு வேளையாவது அரிசியின் இடத்துக்கு வர வேண்டும். கொள்ளு, பச்சைப்பயறு, அவரை, வெண்டை, முருங்கைக்கீரை, கொய்யா இவற்றில் உள்ள நார்ச்சத்து கொலஸ்டிராலைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற உதவுகிறது. இவை எல்லாம் வரப்பிலும் கொல்லையிலும் விளைபவை. காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

அரிசியிலிருந்து வந்த மருந்து

திருவெள்ளறைக்கு அருகிலுள்ள மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்றது. அரிசிக்கும் கொலஸ்டிராலுக்கும் இரு வகையில் உறவு உண்டு. ஒன்று, நெல்லைத் தீட்டும்போது வரும் தவிடு. அதில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயில் உள்ள ஒரைசனால் என்னும் பொருள் கொலஸ்டிராலை ஓரளவு குறைக்க உதவுகிறது.

மற்றொன்று, பலருக்கும் தெரியாத செய்தி. ஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர் அகிரா எண்டோ என்னும் விஞ்ஞானி. கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருளைத் தேடி, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கியோட்டோ நகரில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்த பூசணத்திலிருந்து, 1973-ல் அந்தப் பொருளைக் கண்டெடுத்தார். ஸ்டாட்டின் மாத்திரைகள் அனைத்துக்கும் அதுவே மூதாதை. எண்டோ 2024-ல் காலமானார். கல்லீரல் எவ்வாறு கெட்ட கொலஸ்டிராலை இரத்தத்திலிருந்து இழுத்துக் கொள்கிறது என்பதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பூசணத்திலிருந்து மருந்து வந்தது என்பதற்காகப் பூசணம் பிடித்த அரிசியை உண்ணலாகாது. ஆராய்ச்சிக்கூடத்தில் பிரித்தெடுத்த பொருள் வேறு. அரிசி மூட்டையில் பூக்கும் நஞ்சு வேறு.

பரிசோதனையும் மாத்திரையும்

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கப்படுகின்றன. இவற்றில் ஒன்று இருப்பவரும், 40 வயது கடந்தவரும், பீடி பிடிப்பவரும் கொலஸ்டிரால் பரிசோதனையையும் கேட்டுச் செய்து கொள்ள வேண்டும். டாக்டர் சொன்னால், முதல் நாள் இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு, மில்லிகிராமில்:
மொத்தக் கொலஸ்டிரால் – 200க்குக் கீழ்
கெட்ட கொலஸ்டிரால் – 100க்குக் கீழ்
நல்ல கொலஸ்டிரால் – ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50க்கு மேல்
டிரைகிளிசரைடு – 150க்குக் கீழ்

டாக்டர் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அளவு குறைந்ததும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் மீண்டும் ஏறும். தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் டாக்டரிடம் கேட்காமல் இம்மாத்திரையைத் தொடக் கூடாது. பூண்டு, வெந்தயம் உணவில் சேர்க்கலாம். மாத்திரைக்குப் பதிலாக அவை ஆகா.

வாயு என்று காத்திருக்கக் கூடாது

வயலில் வேலை செய்யும்போது நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். வாயுப்பிடிப்பு என்று எண்ணி, சோடா குடித்து, ஓமத்தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று படுத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை சிறிது சிறிதாக மடிந்து கொண்டிருக்கிறது. மடிந்த தசை திரும்ப வளராது.

உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். நோயாளியை நடக்க வைக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்தும் கொண்டுபோகக் கூடாது. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கான முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரு வகை மாத்திரைகளுடன், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் சேர்த்து 14 மாத்திரைகள் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். தம் ஊர்ச் சுகாதார நிலையம் எங்கே, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் இப்போதே விசாரித்து வைத்துக் கொள்வது நல்லது.

பயிருக்கு நோய் வந்த பின் மருந்தடிப்பதைவிட, விதையிலேயே நேர்த்தி செய்வது செலவு குறைவு என்பது விவசாயிகளுக்குப் புதிதல்ல. உடம்புக்கும் அதுவே முறை. நாள்தோறும் அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது, பீடியையும் புகையிலையையும் விடுவது, சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, எண்ணெயை அளந்து ஊற்றுவது, ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தைப் பரிசோதிப்பது ஆகிய ஐந்தும் பெரும் செலவில்லாதவை. ஒரு குடும்பத்தின் உழவும் கடனும் பிள்ளைகளின் படிப்பும் ஓர் ஆளின் உழைப்பை நம்பி இருக்கும்போது, அந்த ஆளின் இதயத்தைக் காப்பதும் விவசாய வேலைகளில் ஒன்றேயாகும்.